பூச்சியத்துக்குள் பூச்சி

ஆடி மழை பூச்சியம்.
ஆவணியில் நாலு மில்லிமீட்டர்,
அதுவும் கடலாடியோடு நின்றுவிட்டது.
என் கணித மாதிரியில் கொசு மழையில்தான் பிறக்கும்.
எனவே மூக்கையூரில் கொசு இல்லை.
டெங்கு மட்டும் இருபத்தேழு பேருக்கு.

இராமநாதபுரம் அலுவலகத்து மின்விசிறிக்குக் கீழே
மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.
கோடு தரையோடு தரையாகக் கிடந்தது,
அடிபட்ட சாரை மாதிரி.
மறுநாள் சாயல்குடி பஸ் ஏறினேன்.

வாசல்தோறும் டிரம்.
நீல டிரம், வெள்ளை டிரம்,
மண்ணெண்ணெய் வாடை போகாத தகர டிரம்,
மாதா கெபிக்குப் பின்னால் யாருடையதென்று தெரியாத அண்டா.
மழை இல்லாததாலேயே தண்ணீர் நிற்கிற ஊர்.
பூச்சியம் என்று நான் எழுதிய இடத்தில்
பூச்சி இருந்திருக்கிறது,
எழுத்திலேயே.

கொடிமுத்துவின் தண்ணி டிராக்டர்
ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும்.
குடம் பன்னிரண்டு ரூபாய்.
முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி
இறக்கை உலர்த்திப் பறக்க
இந்த வெக்கைக்கு எட்டு நாள்.
ஒன்பதில் எட்டு போக ஒன்று.
கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன்.
"ஏழு நாளைக்கு ஒருக்கா வர முடியுமாண்ணே?"
"டீசல் நீங்க போடுறீகளா மேடம்?"

அந்தக் கழித்தலும் இன்னாசியாளின் டிரம்மில் நனைந்துபோனது.
டிராக்டர் எப்போது வந்தாலும்
அடியில் ஒரு முழம் தண்ணீரை அவள் தொடுவதில்லை.
அது வராத நாளுக்கான தண்ணீர்.
அதில்தான் புழுக்கள் தலைகீழாய்த் தொங்கி
வால்நுனியால் மூச்சு வாங்கின.
"கொட்டிருங்கக்கா."
"மூணு கொடம் கெடக்கு. முப்பத்தாறு ரூவா.
வச்சிட்டுக் கொட்டுங்க."

கொட்டிக் கவிழ்ப்போர் நூற்றுக்கு எண்பது என்று
குளிர்ந்த அறையில் அனுமானித்திருந்தேன்.
ரூபாய்க்கு என்னிடம் எழுத்தே இல்லை.
ஆல்பா, பீட்டா எல்லாம் கொசுவுக்கே தீர்ந்திருந்தது.

ஆனாலும் அந்தச் சமன்பாட்டில்
எனக்குப் பிடித்த இடம் ஒன்றுண்டு.
கடியை மட்டும் இருமுறை பெருக்க வேண்டும்.
ஒருமுறை எடுக்க,
ஒருமுறை கொடுக்க.
நடுவில் பத்து நாள் அது பிழைத்துக் கிடக்க வேண்டும்;
நூறில் இருபதுக்குத்தான் அந்த ஆயுசு.
மிச்சமெல்லாம் பல்லிக்கும் சிலந்திக்கும் காற்றுக்கும்.
ஊரைப் படுக்கையில் தள்ளுவது
கிழட்டுக் கொசு இருபது.

அடுத்த செவ்வாய் போனபோது
இன்னாசியாள் பழைய நைட்டித் துணியை
இரண்டாக மடித்துப் பக்கத்து டிரம்மின் வாயில் கட்டி
மொண்டு மொண்டு வடித்துக்கொண்டிருந்தாள்.
காலி டிரம்முக்குள் தலைவிட்டுத்
தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்தாள்.
பிறகு அதே தண்ணீரை அதிலேயே ஊற்றினாள்.
துணியை என்னிடம் நீட்டினாள்:
"தண்ணி எனக்கு. புழு ஒங்களுக்கு.
எண்ணிக்கிருங்க."

படிவத்தில் இரண்டே கட்டம்:
கொட்டினார், கொட்டவில்லை.
ஓரத்தில் பேனாவால் மூன்றாவது கட்டம் போட்டு எழுதினேன்:
நைட்டித் துணி, இரண்டு மடிப்பு.
"இதுக்கு அலகு என்னம்மா?" என்றார் துணை இயக்குநர்.

திருத்திய கோடு ஐம்பத்திரண்டு என்றது.
ஊர் முப்பத்தொன்பதில் நின்றது.
துணியா, கொண்டல் திரும்பியதா,
வர வேண்டியவர்களுக்கெல்லாம் வந்து முடிந்ததா,
பிரிக்கத் தெரியவில்லை.
துணி என்று எழுத ஆசை.
தெரியவில்லை என்றே எழுதினேன்.

முப்பத்தொன்பதாவது ஆள் கொடிமுத்து.
டிராக்டர் பதினாறு நாள் வரவில்லை.
இன்னாசியாள் அந்த அடித்தண்ணீரைத்தான்
நாலு வீட்டுக்கு அளந்து ஊற்றினாள்.
காய்ச்சலிலிருந்து தண்ணீருக்குப் போகும் அம்புக்குறி
என் படத்தில் கிடையாது.

கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் சத்தம்.
முழங்கைக்கு மேலே
கறுப்புக் காலில் வெள்ளைப் பட்டையோடு ஒன்று
இறங்கி உட்காருகிறது.
அடிக்கக் கை தூக்கிவிட்டு ஒரு நொடி நிற்கிறேன்.
இது எடுக்க வந்ததா,
கொடுக்க வந்ததா?